ஈரத்தில் வாடும் தக்காளி

பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி வைப்பவர்களிடம் வாடல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. காலையில் நிமிர்ந்து நின்ற செடி உச்சி வெயிலில் நுனி தொங்கும். சாயங்காலம் கொஞ்சம் தேறும். மறுநாளும் அப்படியே. அப்புறம் ஒருநாள் தேறாது. இலை மஞ்சளாகியிருக்காது, புள்ளி இருக்காது, புழு இருக்காது, காய் பாதி திரண்டிருக்கும். வேரடி மண்ணைக் கிள்ளிப் பார்த்தால் ஈரம் விரலில் ஒட்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு எங்கள் பக்கம் பலரும் தக்காளிக்குப் பின் தக்காளியே வைத்தார்கள். தருமபுரி ஜில்லா காரிமங்கலம் பக்கத்தில் இருக்கும் சின்ன மாமாவும் அப்படித்தான் வைத்தார். அவர் தோட்டத்தில் வாய்க்கால் தண்ணீர் முதலில் வந்து நுழையும் மேட்டுப் பக்கத்தில் தொடங்கி ஒரு பகுதியே இப்படிப் போனது. "வேருல தண்ணி இருக்குது, இலை பச்சையா இருக்குது. அப்புறம் எதுக்கு மாப்ள சாவுது?" என்று கேட்டார்.

நான் நுண்ணுயிரியல் படித்தவன் என்பதால் வீட்டில் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வரும். "பாக்டீரியா மாமா" என்றேன். அவர் விடவில்லை. "அது சரி. வந்து என்ன பண்ணுது? வேரைத் தின்னுதா, விசம் கக்குதா?" நியாயமான கேள்வி. கிருமி தாக்கியது என்று சொல்லி முடித்துக்கொள்கிற பழக்கம் நமக்கு மனித நோயிலும் உண்டு, பயிர் நோயிலும் உண்டு. கிருமி என்றதும் அடுத்த வார்த்தை மருந்து. நடுவில் அது உள்ளே எப்படிப் போனது, போய் என்ன செய்தது என்று யாரும் நிற்பதில்லை. இந்த வாடல் விஷயத்தில் அந்த நடுப்பகுதியில்தான் எல்லாமே இருக்கிறது. அதிலும் பாக்டீரியாவின் உள்ளே இருப்பதைவிட அதன் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் பூசிக்கொண்டிருப்பதும்தான் செடியின் கதையை முடிக்கிறது. இது என் அபிப்பிராயம், ஆனால் சும்மா வந்த அபிப்பிராயம் இல்லை.

டம்ளர் தண்ணீரில்

முதலில் நோய் அதுதானா என்று பார்க்க வேண்டும். வேரழுகலிலும் செடி வாடும், ஃபியூசேரியம் பூஞ்சணத்திலும் வாடும். பூஞ்சண வாடலில் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். அதைவிட உறுதியான சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளர் போதும். மோட்டார் ரூமில் வைத்தே செய்தோம். வாடின செடியை வேரோடு பிடுங்கி, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தண்டைப் பிளேடால் சாய்வாக வெட்டினால் உள்ளே பட்டைக்கு அடுத்து பழுப்பு வளையம் தெரிந்தது. வெட்டின துண்டை நல்ல தண்ணீர் நிரப்பிய டம்ளரில் முனை மட்டும் நனையும்படி பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தோம். இரண்டு மூன்று நிமிஷத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக ஒன்று கசிந்து இறங்கியது. கரைந்து பரவாமல், இழையாக, நேராக அடிவரை தொங்கியது. டம்ளரைக் கொஞ்சம் ஆட்டினால் வளைந்தது, அறுந்துபோகவில்லை. அடியில் போய்ச் சுருண்டு படிந்து தண்ணீரைக் கலங்கலாக்கியது. மாமா குனிந்து பார்த்துவிட்டு "இவ்ளோவா?" என்றார்.

ஆமாம், அவ்வளவு. நோய் முற்றின தக்காளித் தண்டில் ஒரு கிராமுக்கு 10 கோடியிலிருந்து 100 கோடி வரை பாக்டீரியா இருக்கும். பெயர் ரால்ஸ்டோனியா சொலனேசியேரம். அமெரிக்காவில் எர்வின் ஸ்மித் 1896-லேயே இதை விவரித்துவிட்டார். அதற்கப்புறம் பெயர் பலமுறை மாறி, 2014-இல் இதையே மூன்று சிற்றினங்களாகப் பிரித்தார்கள். அந்த வம்பு நமக்கு வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி என்று 200-க்கும் மேற்பட்ட தாவர இனங்களில் புகும். வரப்பில் தானே முளைக்கிற மணத்தக்காளியிலும் இருக்கும். பல நேரம் அந்தச் செடி வாடாமல் சும்மா நிற்கும், நாமும் கீரைக்கு ஆகுமே என்று விட்டுவைத்திருப்போம்.

டம்ளரில் இழையாகத் தொங்கினது வெறும் பாக்டீரியா இல்லை. வெறும் பாக்டீரியா என்றால் தண்ணீரில் கலங்கிப் பரவிவிடும். அதை இழையாகக் கோத்து வைத்திருப்பது அவை தங்கள் உடம்புக்கு வெளியே சுரந்த பிசின். நீளநீளமான சர்க்கரைச் சங்கிலிகள். அதுதான் மாமாவின் கேள்விக்கு முதல் பதில். வேர் உறிஞ்சின தண்ணீரை மேலே கொண்டுபோகிற நாளங்களுக்குள் இந்தப் பிசினும் பாக்டீரியாவும் சேர்ந்து, சொட்டுநீர்க் குழாயில் பாசி அடைத்த மாதிரி அடைத்துக்கொள்கின்றன. மண்ணில் தண்ணீர் இருக்கிறது, வேரிலும் இருக்கிறது, இலைக்குப் போக வழியில்லை. இலை பச்சையாக இருக்கும்போதே துவள்கிறது, ஏனென்றால் இலைக்கு நோயே இல்லை. தாகம் மட்டும்தான். வாடலைக் கண்டதும் நாம் என்ன செய்கிறோம்? ஒரு தண்ணீர் கூடுதலாக விடுகிறோம். பாக்டீரியாவுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

இந்தப் பிசின் எவ்வளவு முக்கியம் என்பதை நான் படிக்கும் காலத்திலேயே தட்டில் பார்த்திருக்கிறேன். ஆர்தர் கெல்மன் என்கிற ஆய்வாளர் 1954-இல் பாக்டீரியாவை வளர்க்கிற சத்துக்கூழ் (வளர்ப்பூடகம்) ஒன்று சொன்னார், டெட்ரசோலியம் என்கிற நிறம் காட்டும் வேதிப்பொருள் சேர்த்தது. அதில் நோயுண்டாக்கும் ரால்ஸ்டோனியா வெள்ளையாக, நடுவில் இளஞ்சிவப்பாக, தட்டைச் சாய்த்தால் வழிகிற மாதிரி கொழகொழவென்று வளரும். அதே தட்டைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டுவிட்டால் இடையிடையே சின்னதாக, கெட்டியாக, அடர்சிவப்பில் வேறு கூட்டங்கள் தலைகாட்டும். அவையும் அதே பாக்டீரியாவின் வாரிசுகள்தான். பிசின் சுரப்பதை விட்டுவிட்டவை. எடுத்துச் செடிக்குள் செலுத்தினால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆய்வகத்தில் இதைத் தட்டிலேயே வைத்திருந்தால் வீரியம் போய்விடும் என்று, சாதாரண சுத்திகரித்த தண்ணீரில் போட்டுக் குப்பியில் மூடி வைப்பார்கள். சாப்பாடு எதுவும் இல்லாமல் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும், வீரியத்தோடு. பாடத்தில் இதை ஒரு செய்முறைக் குறிப்பாக எழுதிக்கொண்டேன். கிணற்று மேட்டுத் தொட்டியையும், ஒரு தோட்டத்து வழிநீர் அடுத்த தோட்டத்துக்குப் போகிற வாய்க்காலையும் பார்க்கும்போது அது வேறு மாதிரி உறைக்கிறது.

வால் இல்லாத பாக்டீரியா

சரி, பிசின் உள்ளே போன பிறகு நடக்கிற கதை. உள்ளே எப்படிப் போகிறது? இந்த இடத்தில் ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும். பயிர் நோயைப் பற்றி நான் யோசிக்கிற விதத்தையே திருப்பிப்போட்ட பரிசோதனை இது. தோட்டத்தில் கிளையைக் கிள்ளும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

ரால்ஸ்டோனியாவின் ஒரு முனையில் கசையிழைகள் இருக்கும், சுழன்று சுழன்று பாக்டீரியாவை நீந்தவைக்கிற வால்கள். தக்காளி வேர் மண்ணுக்குள் கசியவிடும் அமினோ அமிலங்களையும் கரிம அமிலங்களையும் மோப்பம் பிடித்து அது வேரை நோக்கி நீந்தும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கைட்லின் ஆலனின் ஆய்வுக்குழு இந்த வாலை உண்டாக்கும் மரபணுவைக் கெடுத்து, வால் இல்லாத ரால்ஸ்டோனியாவை உருவாக்கியது. 2001-இல் வெளியிட்டார்கள். வாலைத் தவிர மற்றதெல்லாம் பழையபடியே. அதைத் தண்ணீரில் கலந்து தக்காளியின் வேரடி மண்ணில் ஊற்றினார்கள், தோட்டத்தில் நடக்கிற மாதிரி. நோய் மிகவும் குறைந்துபோனது. அதே வாலில்லாத பாக்டீரியாவை, இலைக்காம்பை வெட்டி அந்த வெட்டுவாயில் நேராக வைத்தார்கள். வால் உள்ளது எவ்வளவு வேகமாகக் கொன்றதோ அதே வேகத்தில் கொன்றது.

முதலில் படித்தபோது எனக்கு இது வாலைப் பற்றிய செய்தியாகத்தான் பட்டது. நீந்தத் தெரிந்தால்தான் வேருக்குள் புக முடியும், அவ்வளவுதானே என்று. பிறகுதான் அதன் இரண்டாம் பாதி உறைத்தது. வெட்டுவாயில் வைத்தால் வால் தேவையே இல்லை. அப்படியென்றால் வால் செய்கிற வேலையை ஒரு பிளேடு செய்துவிடுகிறது. களைக்கொத்து செய்துவிடுகிறது. குச்சி ஊன்றிச் சணல் கட்டிய தக்காளியில் பக்கக் கிளையைக் கிள்ளிக்கொண்டே வரிசையாகப் போகிற விரல் நகம் செய்துவிடுகிறது. மண்ணில் இருக்கிற வேர்முடிச்சு நூற்புழு வேரைத் துளைத்து அதையேதான் செய்கிறது. நூற்புழு உள்ள வயலில் வாடல் கடுமையாக வருவது பழைய அனுபவம், காரணமும் இதுவே. செடி தானாகத் திறந்துவிடுகிற வழியும் ஒன்று உண்டு. பக்கவேர் முளைக்கும்போது தாய்வேரின் தோலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அந்தப் பிளவு வழியாகவும் பாக்டீரியா புகும். அதை நாம் தடுக்க முடியாது. மற்றதில் பாதிக்கு மேல் நம் கையில் இருக்கிறது.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "நகத்துலயா?" என்றார். வாடின செடியைக் கிள்ளிவிட்டு அடுத்த செடியைக் கிள்ளுவது பற்றி நான் சொல்லச் சொல்ல, மாமிதான் குறுக்கே புகுந்தார். சாய்ந்துபோன செடிகளைப் பிடுங்குகிற வேலையும் கிளை கிள்ளுகிற வேலையும் ஒரே நாளில், ஒரே ஆட்கள், ஒரே கையால் செய்திருந்தார்கள்.

நீந்தி வந்து, நிலைகொண்டு

வேருக்குள் வந்த பிறகு அது நடந்துகொள்கிற விதம் இன்னும் சுவாரசியம். கசையிழை மட்டும் இல்லை, பைலி என்கிற மெல்லிய மயிரிழைகளும் அதன் மேல் உண்டு. நீட்டிப் பற்றி, உள்ளிழுத்து, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு பரப்பின்மேல் ஊரும். நாளச் சுவரில் ஒட்டிக்கொள்ளவும் இவை வேண்டும். நாளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், ஒட்டத் தெரியாதவன் அடித்துக்கொண்டு போவான். இந்தப் பைலி இல்லாத ரால்ஸ்டோனியாவும் நோயுண்டாக்குவதில் பின்தங்கிவிடுகிறது.

இன்னொரு இழை வேறு வகை. செடியின் செல்லை நோக்கி நீளும் உட்குழலான நுண்குழாய். அதன் வழியாகப் பாக்டீரியா தன் புரதங்களைச் செடியின் செல்லுக்குள்ளேயே செலுத்துகிறது. இந்த இனத்தின் ஒவ்வொரு வகையிடமும் சுமார் எழுபது விதமான புரதங்கள் இதற்கென்றே இருக்கின்றன. செடியின் எதிர்ப்பு நடவடிக்கைகளை ஒவ்வொன்றாக மழுங்கடிப்பதுதான் அவற்றின் வேலை. இந்தக் குழாயைக் கெடுத்துவிட்டால் பாக்டீரியா இருந்தும் நோய் இல்லை. "விசம் கக்குதா" என்று மாமா கேட்டதற்கு இதுதான் கிட்டத்தட்டப் பொருந்துகிற பதில். ஆனால் விஷம் என்பதைவிட, செடியின் காவலைத் தூங்கவைக்கிற ஏற்பாடு என்று சொல்லலாம்.

செடி ஒன்றும் ஏமாளி இல்லை. பல பாக்டீரியாக்களின் கசையிழையில் உள்ள புரதத்தில் 22 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டைத் தக்காளி தன் செல்லின் மேற்பரப்பில் உள்ள உணர்வியால் அடையாளம் கண்டுகொள்ளும். கண்டதும் தற்காப்பைத் தொடங்கிவிடும். ரால்ஸ்டோனியாவின் கசையிழையில் அந்தத் துண்டு சற்று மாறி அமைந்திருக்கிறது. தக்காளியால் அதை அடையாளம் காண முடிவதில்லை. வாலும் வேண்டும், வால் காட்டிக்கொடுக்கவும் கூடாது. பரிணாமத்தை மெச்ச வேண்டுமென்றால் இந்த இடத்தில் மெச்சலாம், தக்காளி வைத்தவனால் முடியாது.

நாளத்துக்குள் கூட்டம் பெருகியதும் ஒரு மாற்றம் நடக்கிறது. ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு கொழுப்பமில வேதிப்பொருளைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் சேரச்சேர அதன் அடர்த்தி கூடும். ஒரு அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே சமயத்தில் போக்கை மாற்றிக்கொள்ளும். நீந்துவது குறையும், பிசின் சுரப்பு ஏறும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டிமத்தி டென்னி, மார்க் ஷெல் ஆகியோரின் குழுக்கள் 1990-களில் இந்த வேதிப்பொருளைக் கண்டுபிடித்தன. அதாவது மண்ணில் தனியாகத் திரிகிற ரால்ஸ்டோனியாவும் தண்டுக்குள் கூட்டமாக இருக்கிற ரால்ஸ்டோனியாவும் வெளித்தோற்றத்தில் ஒன்றே இல்லை. ஒன்றுக்கு வால், மற்றதற்குப் பிசின். வாடல் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் முதல் கட்டம் முடிந்து எத்தனையோ நாளாகியிருக்கும்.

மருந்துக் கடையில் எரிச்சல் வருவது இதனால்தான். வாடின செடிக்கு ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும் ஒரு தாமிர மருந்தும் சேர்த்துக் கொடுத்து, இலை நனைய அடிக்கச் சொன்னார்கள். எந்தக் கடை என்பது முக்கியமில்லை, எல்லாக் கடையிலும் இதே பதில்தான். பாக்டீரியா இருப்பது தண்டுக்குள், நாளத்துக்குள், பிசினுக்குள். நாளத்தில் ஓட்டம் கீழிருந்து மேலே. இலையில் அடித்தது எந்த வழியாக அங்கே இறங்கிப் போகும்? கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாரும் அடிக்கறாங்க சார்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை, அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கையில் ஒன்றும் தராமல் அனுப்பினால் வந்த விவசாயி அடுத்த கடைக்குப் போவான்.

வேறு என்ன வழி

எதிர்ப்புள்ள தக்காளி என்று ஒன்று உண்டு. ஆராய்ச்சியாளர்கள் எங்கும் பயன்படுத்துகிற ஹவாய் 7996 என்ற ரகத்தில் 2011-இல் ஒரு விஷயம் கண்டார்கள். பிசின் சுரக்கிற ரால்ஸ்டோனியா உள்ளே வந்தால் அதன் தற்காப்பு பலமாக எழுகிறது, பிசின் இல்லாத வகை வந்தால் அவ்வளவு எழுவதில்லை. சாதாரணத் தக்காளியைக் கொல்கிற அதே பிசினை வைத்தே இந்த ரகம் எதிரியை அடையாளம் கண்டுகொள்கிறது என்று அர்த்தம். நமக்குப் பக்கத்தில் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றுக்கும் எதிர்ப்புள்ள கலப்பினமாக வந்தது. மாமாவுக்குத் தெரியும். ஆனால் மண்டியில் எந்தக் காய் எந்த நிறத்தில் எவ்வளவு கெட்டியாக இருந்தால் எந்த லாரிக்குப் போகும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். ரகத்தை முடிவு செய்வது நோய் மட்டும் இல்லை.

அதனால் ஒட்டுக்கட்டிய நாற்றுப் பக்கம் பேச்சு போனது. வாடலைத் தாங்குகிற கத்தரி ரகம் அல்லது சுண்டைக்காய் வேர்மேல், விரும்பின தக்காளியை ஒட்டுக்கட்டுவது. வாடல் வரும் மண்ணில் சுண்டை வேர் தாங்கும், மேலே காய்ப்பது மண்டிக்குப் பிடித்த ரகம். விலைதான் சாதாரண நாற்றைவிடப் பல மடங்கு. மாமா கணக்குப் போட்டு, மேட்டுப் பகுதியில் இந்தத் தடவை தக்காளியே இல்லை, ராகி என்று முடிவெடுத்தார். ராகிக்குப் பெயர்போன ஜில்லாக்காரர்களுக்கு அது ஒன்றும் புதுப் பாடம் இல்லை. ரால்ஸ்டோனியாவுக்கு ராகி ஆகாது, தக்காளிக்கு நடுவில் ராகியோ சோளமோ வந்துபோனால் மண்ணில் அதன் எண்ணிக்கை குறையும். பள்ளப் பகுதியில் கொஞ்சம் ஒட்டு நாற்று. வாய்க்கால் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகாதபடி தனி மடை. வரப்பு மணத்தக்காளியைப் பிடுங்கியாயிற்று, அதில் மாமிக்கு வருத்தம்.

ஒட்டு நாற்று நட்டபோது ஒரு சண்டை. தக்காளி நாற்றை ஆழமாகப் புதைத்து நட்டு, பிறகு மண் அணைத்துக் கொடுப்பது இங்கே எல்லோருக்கும் கைவந்த பழக்கம். தக்காளித் தண்டு மண்ணில் பட்டால் அங்கேயே வேர் விடும், செடி பலமாக நிற்கும். ஒட்டு நாற்றில் அதையே செய்தால் ஒட்டுக்கு மேலே இருக்கிற தக்காளிப் பகுதி மண்ணில் வேர் விட்டு, அந்த வேர் வழியாக ரால்ஸ்டோனியா உள்ளே போய்விடும். அப்புறம் கீழே சுண்டை இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே ரெண்டு விரலாவது தெரிய வேண்டும், மண் அணைக்கவே கூடாது என்றேன். நடவுக்கு வந்த அக்கா ஒருத்தர் சிரித்தார். "இவ்ளோ மேலயா? காத்தடிச்சா சாஞ்சுடும் தம்பி." குச்சியை நட்ட அன்றைக்கே ஊன்றிக் கட்டுவது என்று பேசி முடித்தோம். நடவுக்கூலியோடு குச்சிக்கூலியும் அன்றைக்கே கொடுக்க வேண்டியதாயிற்று.